அமுச்சியின் கும்மிப் பாட்டுப் பதிவு: வெட்டி ஒட்டிய இடங்களில் ‘டக்’ என்ற சத்தம்

குண்டடத்துப் பேத்தி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில், குண்டடத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர் இருக்கிறது. அம்மாவைப் பெற்ற அமுச்சிக்கு இப்போது 84 வயது. மாரியம்மன் நோம்பியிலும், பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கும் நோம்பியிலும் ஊர்ப் பெண்கள் வட்டம் கட்டிக் கும்மியடித்த காலத்தில் முதலடி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அவருக்குத் தெரிந்த பாட்டுகளில் பாதிக்கு மேல் எங்கள் ஊரில் வேறு எவருக்கும் தெரியாது. அதனால் சென்ற மாதம் மூன்று நாள் அவரை வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) உட்கார வைத்து, கைபேசியில் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம் பதிவு செய்தேன். என் தம்பி பத்தடி தள்ளித் தூணருகே தன் கைபேசியையும் பதிவில் வைத்திருந்தான்.

ஒவ்வொரு பாட்டையும் தனிக் கோப்பாகப் பிரித்து, வரும் பூப்பறிக்கும் நோம்பிக்குள் சொந்தபந்தங்கள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேலையைத் தொடங்கினேன். இருமல், தண்ணீர் குடிப்பது, அடுத்த அடி நினைவுக்கு வராமல் நிற்பது, நடுவில் யாரோ வாசலில் வந்து கூப்பிடுவது ஆகியவற்றை வெட்டினேன். வெட்டிய இடங்களில் பெரும்பாலும் ‘டக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்கிறது. சரி, வெட்டாமல் அந்த இடத்தை மட்டும் மௌனமாக்கிப் பார்ப்போம் என்று செய்தால், யாரோ சட்டென்று காதைப் பொத்தியதைப் போல் இருக்கிறது. இருமலைவிட அந்த மௌனம்தான் உறுத்துகிறது.

இன்னொரு சிக்கல் தாளம். ஓர் இருமலை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்தால், கைத்தட்டு முந்தியோ பிந்தியோ விழுகிறது. பாட்டு தடுக்கி விழுந்து எழுந்ததைப் போல் ஆகிவிடுகிறது. அமுச்சி பக்கவாட்டில் திரும்பிப் பாடிய இடங்களில் குரல் பாதியாகக் குறைவதும், பக்கத்துத் தோட்டத்துத் தறிக்குடோனின் சத்தம் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பதும் வேறு. கணினியில் கணக்கு எழுதுவதைத் தவிர எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.


சோமனூர் தறிக்காரர்:

வணக்கம் அம்மணி. எங்கள் ஊர் வள்ளிக் கும்மிக் குழுவுக்குப் பயிற்சிப் பாட்டுகளை வெட்டி, அளவு சரிசெய்து கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ‘டக்’ சத்தத்தோடு நானும் நிறையப் போராடியிருப்பதால் அதைப் பற்றி முதலில் எழுதுகிறேன்.

திரையில் ஒலியலையை மிகவும் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு கோடு இருக்கும். அலை அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் வெட்டிய இடத்தில் இடப்பக்கத்து அலை கோட்டுக்கு மேலே உச்சியில் முடிந்து, வலப்பக்கத்து அலை கோட்டுக்குக் கீழே எங்கோ தொடங்கினால், ஒலிபெருக்கியின் தகடு ஒரே கணத்தில் அந்த உயரத்திலிருந்து இந்தப் பள்ளத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவலைத்தான் காது ‘டக்’ என்று கேட்கிறது. வெட்டியதால் அந்தச் சத்தம் வரவில்லை. இரண்டு முனைகளின் உயரமும் ஒன்றோடொன்று பொருந்தாததால் வருகிறது.

ஆகவே, வெட்ட வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்ததும், அழிப்பதற்கு முன்னால் விசைப்பலகையில் ‘இசட்’ விசையை ஒருமுறை அழுத்துங்கள். தேர்வின் இரண்டு ஓரங்களும் அலை நடுக்கோட்டைக் கடக்கும் மிக அருகிலுள்ள புள்ளிக்குத் தாமாகவே நகர்ந்துவிடும். பிறகு ‘கண்ட்ரோல்’ விசையோடு ‘கே’யை அழுத்தி அழித்தால் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் சத்தம் வராது. மீதியுள்ள இடங்களில், இடப்பக்கத் துண்டின் கடைசி 5 முதல் 10 மில்லிவினாடியைத் தேர்ந்தெடுத்து ‘ஃபேட் அவுட்’டும், வலப்பக்கத் துண்டின் முதல் 5 முதல் 10 மில்லிவினாடிக்கு ‘ஃபேட் இன்’னும் கொடுங்கள். அவ்வளவு குறுகிய தேய்வை யாராலும் தனியாகக் கேட்டறிய முடியாது. ஆனால் இரண்டு முனைகளும் நடுக்கோட்டில் வந்து சேர்ந்துவிடும்.

பாட்டின் முன்னும் பின்னும் உள்ள வேண்டாத பகுதியை நீக்க அழிக்கவே தேவையில்லை. மென்பொருளின் 3.1 பதிப்பிலிருந்து, துண்டின் ஓரத்தைச் சுட்டியால் பிடித்து உள்ளே இழுத்தால் அந்தப் பகுதி மறைந்துகொள்ளும். வேண்டுமென்றால் மறுபடியும் வெளியே இழுத்து மீட்டுக்கொள்ளலாம். பழைய பதிப்பு வைத்திருந்தால் தயவுசெய்து புதியதை நிறுவிக்கொள்ளுங்கள். ‘அங்கே கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டோமே’ என்று பின்னால் வருந்த வேண்டியிருக்காது.

தாளத்துக்கு வருகிறேன், இதுதான் கும்மிப் பாட்டில் மிகவும் கவனம் வேண்டிய இடம். இருமல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து வெட்டினால் தாளம் கட்டாயம் உடையும், ஏனென்றால் இருமலுக்குத் தாளக்கணக்கு இல்லை. நீங்கள் அளக்க வேண்டியது கைத்தட்டிலிருந்து கைத்தட்டு வரை. இருமலுக்கு முந்தைய சுற்றில் தட்டு விழும் இடத்துக்கு மயிரிழை முன்னால் முதல் வெட்டு, இருமல் முடிந்து பாட்டு மீண்டும் பிடித்த பிறகு அதே எண்ணிக்கையில் வரும் தட்டுக்கு மயிரிழை முன்னால் இரண்டாவது வெட்டு. இப்படி வெட்டினால் எடுத்துவிட்ட துண்டு முழுச் சுற்றுகளாகவே இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு: தட்டு என்பது சட்டென்று எழும் பெரிய ஒலி என்பதால், அதற்கு நேர் முன்னால் இருக்கும் ஒட்டு காதுக்குத் தெரியாமல் அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். சொல்லின் நடுவிலோ, நீட்டிப் பாடும் உயிரெழுத்தின் நடுவிலோ மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். அங்கே சுருதி மாறுவது உடனே தெரியும்.

மௌனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆசாரத்தில் யாரும் பேசாத போதும் அங்கே ஒரு சத்தம் இருக்கிறது: காற்று, தொலைவில் காக்கை, விசிறி, தறி. மென்பொருளின் மௌனத்தில் இவை எதுவும் இல்லை. அதனால்தான் காதைப் பொத்தியதைப் போல் இருக்கிறது. மூன்று நாள் பதிவில் அமுச்சி எதுவும் பேசாமல் இருந்த ஐந்தாறு வினாடிகள் எங்காவது கட்டாயம் இருக்கும். அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மௌனம் தேவைப்படும் இடத்தில் அதைப் பரப்புங்கள். அன்றைய நாளின் இடைவெளியை அன்றைய பாட்டுக்கே பயன்படுத்துங்கள். நாள் மாறினால் பின்னணியும் மாறிவிடும்.


ஒலிநாடாக் காலத்தவன்:

சோமனூர்க்காரர் சொன்னது அனைத்தும் சரி. நான் கோவையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், கணினி வருவதற்கு முன்பு, காந்த ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டிய தலைமுறையைச் சேர்ந்தவன். ‘ஃபேட்’ என்பது எதற்காக என்று இந்தப் பெண்ணுக்கு நன்றாக விளங்கட்டும் என்று ஒரு செய்தியைச் சேர்க்கிறேன்.

அந்தக் காலத்தில் நாடாவை நாங்கள் நேர்க்குத்தாக வெட்டுவது அரிது. வெட்டுவதற்கென்று ஓர் உலோகக் கட்டை இருக்கும். அதில் 45 பாகைச் சாய்வில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் பிளேடை ஓட்டிச் சாய்வாகவே வெட்டுவோம். கால் அங்குல அகலமுள்ள நாடா வினாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடும்போது, அந்தச் சாய்வு ஒலித்தலையைக் கடக்க ஏறத்தாழ 33 மில்லிவினாடி ஆகும். அந்த நேரத்துக்குள் பழைய துண்டு சிறிது சிறிதாகத் தேய்ந்து, புதிய துண்டு சிறிது சிறிதாக வளரும். இன்று நீங்கள் ‘கிராஸ்ஃபேட்’ என்று சொல்வதை ஒரு சாய்வான வெட்டே செய்து கொடுத்தது. நேர்க்குத்தாக வெட்டியவனுக்கு அன்றும் ‘டக்’ என்றுதான் கேட்டது.

ஆகவே பின்னணிச் சத்தம் மாறும் இடங்களில் 5 மில்லிவினாடி போதாது. இரண்டு துண்டுகளையும் மேலும் கீழுமாக இரண்டு டிராக்குகளில் (ஒலித்தடங்களில்) வைத்து, ஒன்றின் வாலும் மற்றொன்றின் தலையும் 30 முதல் 50 மில்லிவினாடி வரை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நகர்த்தி, மேலதற்குத் தேய்வும் கீழதற்கு வளர்வும் கொடுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலான இடைவெளியில் இதையே அரை வினாடி, ஒரு வினாடி என்று தாராளமாகச் செய்யலாம்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதைச் சொல்கிறேன், அம்மணி. எதையும் வெட்டுவதற்கு முன், கைபேசியில் பதிவான மூலக் கோப்புகளை அப்படியே, பெயர்கூட மாற்றாமல், இரண்டு வேறு இடங்களில் வைத்துவிடுங்கள். நோம்பிக்குக் கொடுக்கும் தொகுப்பு ஒரு பயனுக்காகச் செய்வது. மூலப் பதிவு அப்படியல்ல. 1960-களின் நடுவில் காங்கயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையைப் பாடகர் பாடப்பாட ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்தப் பதிவு இருந்ததால்தான் பல ஆண்டுகள் கழித்து அதை எழுத்தாக்கி, மொழிபெயர்த்து நூலாக வெளியிட முடிந்தது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தையும், ஓர் அடியைத் திருப்பிச் சொல்லும் இடத்தையும் அன்றே யாராவது குறையென்று நினைத்து வெட்டி எறிந்திருந்தால், கதை எப்படிச் சொல்லப்பட்டது என்பதைப் பிற்காலத்தவர் அறிந்துகொள்ள வழியே இருந்திருக்காது. உங்கள் அமுச்சியின் பதிவும் அதே மதிப்புக்கு உரியது.

வெட்டுவதைப் பற்றிப் பொதுவாக ஒரு கருத்து. பாடுபவர் அடியெடுப்பதற்கு முன் உள்ளிழுக்கும் மூச்சை வெட்டாதீர்கள். அந்த மூச்சு இல்லாமல் குரல் தொடங்கினால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், கேட்பவருக்கு ஏதோ ஒன்று குறைவாகவே தோன்றும். மூச்சிரைப்பு மிகவும் பெரிதாகக் கேட்டால் அந்த இடத்தை மட்டும் 6 டெசிபல் குறைத்தால் போதும்.


குண்டடத்துப் பேத்தி:

இருவருக்கும் மிக்க நன்றி. ‘இசட்’ விசையையும் தட்டுக்கு முன்னால் வெட்டுவதையும் நேற்று இரவு ஒரு பாட்டில் செய்து பார்த்தேன். நான்கு ஒட்டுகளில் மூன்றை என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மூலக் கோப்புகளைத் தம்பியின் கணினியிலும் ஒரு தனி வன்தட்டிலும் வைத்துவிட்டேன்.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. தம்பியின் பதிவை என் பதிவுக்குக் கீழே வைத்து, முதல் கைத்தட்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். தொடக்கத்தில் சரியாக இருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு தட்டும் இரண்டாகக் கேட்கிறது. என் பதிவில் ஒன்றை வெட்டினால் தம்பியின் பதிவு இருந்த இடத்திலேயே நிற்கிறது என்பது இன்னொரு தொல்லை. குரலின் அளவை ஒரே சீராக்குவது எப்படி என்பதையும், தறிச் சத்தத்தை நீக்க முடியுமா என்பதையும் யாராவது சொல்ல வேண்டுகிறேன். தறி விசிறியைப் போல் தொடர்ந்து இரைவதில்லை. படக், படக் என்று அடிக்கிறது.


காளிங்கராயன் கரை:

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஐயங்களில் எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். வெட்டும்போது இரண்டு டிராக்குகளும் சேர்ந்து நகர வேண்டும் என்றால், ‘டிராக்ஸ்’ பட்டியலில் ‘சிங்க் லாக்’ என்பதை இயக்கிவிடுங்கள். அல்லது தேர்வு செய்யும்போதே சுட்டியை இரண்டு டிராக்குகளின் மேலும் இழுத்துத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். பாட்டுகளைத் தனித்தனிக் கோப்பாக்க, ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் ‘கண்ட்ரோல்’, ‘பி’ விசைகளை அழுத்தி ஒரு பெயர்ச்சீட்டு வைத்துக்கொண்டே போனால், கடைசியில் அந்தப் பெயர்களிலேயே பல கோப்புகளாக ஒரே தடவையில் ஏற்றுமதி செய்துகொள்ளலாம்.

இரண்டு பதிவுகள் போகப்போக விலகுவதற்குக் காரணம் உங்கள் பொருத்தம் தவறியதல்ல. ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. வினாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை ஒலியை அளக்கும் வேலையை அதுதான் நடத்துகிறது. எந்த இரண்டு கடிகாரமும் முற்றிலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இரண்டுக்கும் இடையில் லட்சத்தில் ஐந்து பங்கு வேறுபாடு இருந்தாலே, ஒரு மணி நேர முடிவில் 180 மில்லிவினாடி விலகிவிடும். கைத்தட்டு இரண்டாகக் கேட்க அது தாராளமாகப் போதும். தம்பியின் கைபேசி பத்தடி தள்ளி இருந்ததால், ஒலி அங்கே போய்ச் சேரவே ஏறத்தாழ 9 மில்லிவினாடி கூடுதலாக ஆகியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இதைச் சரிசெய்ய வேக மாற்றக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டு பதிவுகளையும் கலந்து ஒலிக்கவிடுவதால் உங்களுக்குக் கிடைக்கப்போவது எதுவுமில்லை. சிறிது நேர வித்தியாசத்தோடு இரண்டு மைக்குகளின் ஒலி ஒன்றுகூடும்போது, சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதைப் போல் ஆகிவிடும். அருகில் இருந்த உங்கள் பதிவையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவு கெட்டுப்போன இடத்தில் மட்டும், அதாவது யாரோ கைபேசியைத் தட்டிவிட்ட இடம், அழைப்பு மணி அடித்த இடம் போன்றவற்றில், தம்பியின் பதிவிலிருந்து அந்த ஓர் அடியை மட்டும் எடுத்து, அங்கேயே உள்ள கைத்தட்டுக்குப் பொருத்தி ஒட்டுங்கள். சினிமாக்காரர்கள் ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்காகவே கட்டையை அடிக்கிறார்கள். உங்களுக்கோ பாட்டு முழுவதும் தட்டு இருக்கிறது. ஓர் அடி நீளத்துக்குள் விலகல் எதுவும் தெரியாது.

குரல் அளவுக்கு வருகிறேன். பாடுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் அளவு சுமார் 6 டெசிபல் குறையும். ஓர் அடித் தூரத்தில் இருந்தவர் இரண்டடிக்குத் திரும்பினாலே பாதியாகத் தெரிவது அதனால்தான். அந்தப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து ‘ஆம்ப்ளிஃபை’ கொண்டு 3 முதல் 6 டெசிபல் ஏற்றலாம். ஆனால் ஏற்றத்தின் தொடக்கமும் முடிவும் படிக்கட்டாகத் தெரியும். அதைவிட, ‘எஃப்2’ விசையால் வரும் ‘என்வலப்’ கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். டிராக்கின் மேல் சில புள்ளிகளை வைத்து ஏற்றியும் இறக்கியும் இழுத்தால், அளவு சரிவாக, படி தெரியாமல் மாறும். அமுச்சி தலையைத் திருப்பிய வேகத்திலேயே உங்கள் கோடும் ஏறட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குரலை 6 டெசிபல் ஏற்றினால் பின்னாலிருக்கும் தறியும் 6 டெசிபல் ஏறும். ஆகவே முழுச் சமன் தேவையில்லை, முக்கால் சமன் போதும். இவை அனைத்தும் முடிந்த பிறகு, ஏற்றுமதிக்கு முன் கடைசி வேலையாக, ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ மூலம் எல்லாப் பாட்டுகளையும் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவைக் குறிக்கும் அலகு) என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்; கைபேசியில் கேட்பதற்கு அது ஏற்ற அளவு. இதை முதலிலேயே செய்துவிட்டு அப்புறம் வெட்டினால் மறுபடியும் செய்ய வேண்டிவரும்.

தறிச் சத்தத்தில் என்னால் பெரிய நம்பிக்கை தர முடியவில்லை. ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்பது, சத்தம் மட்டும் இருக்கும் சில வினாடிகளை மாதிரியாக எடுத்துக்கொண்டு, அதைப் போன்ற, மாறாமல் தொடரும் இரைச்சலைக் குறைக்கும் கருவி. விசிறிக்கும் பம்புசெட்டின் ரீங்காரத்துக்கும் நன்றாக வேலை செய்யும். தறியிலோ நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் ஓடத்தை) அடித்து அனுப்பும் ஒவ்வோர் அடியும் கைத்தட்டைப் போன்ற ஒரு வெடிப்பு; அதை இந்தக் கருவியால் பிடிக்க முடியாது, அதிகமாக முறுக்கினால் அமுச்சியின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப் போல் ஆகிவிடும். நான் செய்வது இதுதான்: முதலில் ‘ஹை பாஸ் ஃபில்டர்’ கொண்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்குவேன். பெண் குரலின் அடி அலைவரிசை பொதுவாக அதற்கு மேலேதான் இருக்கிறது என்பதால் குரலுக்குப் பாதிப்பு இருக்காது. தறி தரையை அதிரவைக்கும் அந்த ‘தொம்’ ஓரளவு குறையும். பிறகு விசிறிக்காக மட்டும் இரைச்சல் குறைப்பை 6 டெசிபல் அளவுக்குக் கொடுத்து நிறுத்திக்கொள்வேன். அந்தப் பெட்டியில் ‘ரெசிட்யூ’ என்ற தேர்வு இருக்கிறது. அதை அழுத்தினால் நீக்கப்படும் பகுதி மட்டும் கேட்கும். அதில் அமுச்சியின் சொற்கள் காதில் விழுந்தால், நீங்கள் இரைச்சலோடு பாட்டையும் நீக்குகிறீர்கள் என்று பொருள். உடனே அளவைக் குறையுங்கள்.


கூடுதுறை:

நான் பவானியிலிருந்து எழுதுகிறேன். மென்பொருள் நுட்பம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்ல விரும்புகிறேன். என் அப்பாரு (தாத்தா) சொன்ன கதைகளை நான்கு ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்து, வெளியில் ஒருவரிடம் கொடுத்துத் தொகுத்து வாங்கினோம். அவர் மிகவும் சுத்தமாகச் செய்து கொடுத்தார். இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை, கதைக்கு நடுவில் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம் ஒன்றுகூட இல்லை. மூலப் பதிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அப்பாரு போன பிறகு அந்தக் கதைகளைப் போட்டுக் கேட்கும்போதெல்லாம், அவர் என்னைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்ட இடம் எது என்று என் காது தேடுகிறது. அது எங்கேயும் இல்லை.

உங்கள் அமுச்சி அடுத்த அடி நினைவுக்கு வராமல் நின்ற இடங்களை எல்லாம் எடுத்துவிட வேண்டுமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வாசலில் வந்து கூப்பிட்டவரை எடுத்துவிடுங்கள். அவர் வந்தது பாட்டுக்காக அல்ல. அமுச்சி உங்களிடம் பேசியதை வைத்துக்கொள்ளுங்கள்.


சோமனூர் தறிக்காரர்:

கூடுதுறை அக்கா எழுதியதைப் படித்த பிறகு, நான் சொன்ன வெட்டுகளில் பாதியை நிறுத்தி வைக்கலாம் என்றே எனக்கும் தோன்றுகிறது. கும்மிப் பயிற்சிக்கான பாட்டில் தடையே இருக்கக் கூடாது, ஆடுபவர்கள் கால் தடுமாறிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் வெட்டச் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் உட்கார்ந்து கேட்பதற்கான பதிவுக்கு அந்த அளவு கண்டிப்பு தேவையில்லை. ஒரு பாட்டுக்கு இரண்டு வடிவங்கள் வைத்துக்கொள்ளலாம்: கும்மியடிக்கத் தாளம் உடையாத ஒன்று, கேட்பதற்கு அமுச்சி பேசுவதோடு ஒன்று.

தறியைப் பற்றி ஈரோட்டுக்காரர் சொன்னது முற்றிலும் உண்மை. தறி ஓட்டுபவன் என்ற முறையில் ஒரு வழி சொல்கிறேன். மிகவும் கெட்டுப்போன இரண்டு மூன்று பாட்டுகளை மட்டும் அமுச்சியால் மறுபடியும் பாட முடியுமானால், பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும் நாளில் பதிவு செய்யுங்கள். அன்று காலையிலிருந்து தறியும் ஓடாது, விசிறியும் ஓடாது, பம்புசெட்டும் ஓடாது. கைபேசியை முந்தின இரவே முழுவதுமாக மின்னேற்றி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வராமல் இருக்க விமானப் பயண நிலையில் வையுங்கள். பாட்டுத் தொடங்குவதற்கு முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் ஆசாரத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொண்டால், இடைவெளி நிரப்ப வேறெங்கும் தேட வேண்டியிருக்காது.


ஒலிநாடாக் காலத்தவன்:

கோப்பு வகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். தொகுத்து முடிக்கும் வரை எம்பி3 பக்கமே போகாதீர்கள். எம்பி3 ஆக்குவது என்பது ஒவ்வொரு தடவையும் ஒலியில் ஒரு பகுதியைக் களைவது; அதைத் திறந்து, வெட்டி, மறுபடியும் எம்பி3 ஆக்கினால் களைந்ததிலேயே மறுபடியும் களைவதாகும். வேலை நடக்கும்போது மென்பொருளின் ஏயுபி3 திட்டக் கோப்பாகவே சேமியுங்கள். முடிந்ததை ஒலியைக் களையாத வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்கு 5 மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். உங்கள் 2 மணி 40 நிமிடமும் சேர்ந்தாலே ஒரு ஜிகாபைட்டைத் தொடாது. உறவினர்களுக்குக் கொடுப்பதற்கு மட்டும் அந்த வேவ் கோப்பிலிருந்து ஒரே ஒருமுறை எம்பி3 எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒலிக்கோப்பு என்று அனுப்பாமல், ஆவணம் என்ற வழியில் அனுப்புங்கள்.


குண்டடத்துப் பேத்தி:

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். 19 பாட்டுகளும் முடிந்துவிட்டன. அவற்றில் மூன்றைச் சோமனூர் அண்ணன் சொன்னபடி மின்தடை நாளில் மறுபடியும் பதிவு செய்தேன். அன்று ஆசாரத்தில் இருந்த அமைதியில், அமுச்சியின் வளையல் தட்டுக்குத் தட்டு உரசும் சத்தம்கூடப் பதிவாகியிருக்கிறது. முந்தைய பதிவுகளில் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. மீதிப் பாட்டுகளில் தறியை அப்படியே விட்டுவிட்டேன். 100 ஹெர்ட்ஸ் வடிகட்டிக்குப் பிறகு அது தொலைவில் ஓடுவதைப் போல்தான் கேட்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் அது எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதும் உண்மைதான்.

இரைச்சல் குறைப்பில் ‘ரெசிட்யூ’வைக் கேட்டுப் பார்த்தபோது, நான் முதலில் வைத்திருந்த 15 டெசிபல் அளவில் சொற்களின் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்திருந்ததைக் கண்டு அதிர்ந்தேன். இப்போது 6-இல் நிறுத்திவிட்டேன். தம்பியின் பதிவிலிருந்து மொத்தம் நான்கு அடிகள் மட்டும் எடுத்தேன். அவை பத்தடி தள்ளிப் பதிவானவை என்பதால் சற்று எதிரொலியோடு இருக்கின்றன. இரண்டு பக்கமும் 40 மில்லிவினாடி கிராஸ்ஃபேட் கொடுத்த பிறகும் கவனித்துக் கேட்டால் தெரிகிறது. அடி முழுவதும் இல்லாமல் போவதைவிட இது மேல் என்று வைத்துக்கொண்டேன்.

கூடுதுறை அக்கா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு உட்கார்ந்து, நான் ஏற்கெனவே வெட்டியிருந்த இடங்களில் பதினொன்றை மீட்டேன். ஏழாவது பாட்டின் நடுவில் அமுச்சி தட்டுவதை நிறுத்திவிட்டு, “இரு கண்ணு, அடுத்த அடி நெனப்புக்கு வரமாட்டீங்குது” என்று சொல்கிறார். அதன் பிறகு 14 வினாடி எதுவும் இல்லை. தறி மட்டும் ஓடுகிறது. பிறகு அந்த அடி வருகிறது. கும்மிக்கான வடிவத்தில் அதை எடுத்துவிட்டேன். கேட்பதற்கான வடிவத்தில் அந்த 14 வினாடியில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.